முதலில் தண்ணீர், அடுத்து காற்று, அப்புறம்தான் அழகு

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கிய தம்பிகள் அடிக்கடி படம் அனுப்பிக் கேட்கிறார்கள்: "அண்ணா, பின்னால் எந்த ஸ்பாய்லர் (காற்றைத் திருப்பிவிடும் விளிம்புத் தகடு) எடுப்பாக இருக்கும்? மட்கார்டை அகலமாக்கினால் நன்றாக இருக்குமா?" நான் எல்லாரிடமும் திருப்பிக் கேட்பது ஒன்றே. கூரையில் விழுகிற மழைத்தண்ணீர் உன் காரில் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது, பார்த்திருக்கிறாயா? பெரும்பாலும் பதில் வருவதில்லை. எனக்கு இதில் உண்மையான கவலை இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "காரில் கை வைக்காதே, கம்பெனி கொடுத்தபடியே வைத்திரு" என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்தச் சின்ன இரண்டு இருக்கை வண்டி, வீட்டு வாசலிலேயே நிறுத்தி வேலை பார்க்கத் தோதானது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. பானட் அலுமினியம், இரண்டு பேர் சேர்ந்தால் சுலபமாகத் தூக்கி வைத்துவிடலாம். முன் மட்கார்டுகள் வெறும் போல்ட்டில் நிற்கின்றன. பம்பரும் அப்படித்தான். ஒரு நல்ல ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் காரின் முகத்தை ஒரே நாளில் மாற்றலாம், பிடிக்காவிட்டால் அடுத்த வாரமே பழையபடி ஆக்கலாம். ஆனால் பின் மட்கார்டுகள் வேறு கதை. அவை உடலோடு வெல்டிங் ஆனவை. எதைக் கழற்றலாம், எதை வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் எந்த வேலையையும் தொடங்க வேண்டும்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். மடக்குக் கூரையின் பின்விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் இருக்கிறது. கூரையில் விழும் மழை அதில் சேர்ந்து இரண்டு பக்கமும் ஓடி, சீட் பெல்ட்டைத் தாங்கி நிற்கும் தூண்களுக்குப் பின்னால் இருக்கும் துளைகளில் இறங்கி, குழாய் வழியாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். இலைத்தூள், பாசி, மண் சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேதான் போகும். கார்ப்பெட் ஊறும். கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் பெட்டி போன்ற பகுதி, சில் என்பார்கள், அது உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே இருக்கிற பல அடுக்குத் தகட்டில் பாதி போயிருக்கும்.

நான் இருப்பது இங்கிலாந்தில். குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பு கொட்டுகிறார்கள். இங்கே இந்த மாடல் காரை எம்ஓடி என்கிற வருடாந்தரத் தகுதிச் சோதனையில் தோற்கடிப்பது பெரும்பாலும் எஞ்சின் இல்லை, இந்த சில்தான். துரு முழுவதையும் வெட்டி எடுத்து, நல்ல இரும்பு தெரிகிற இடம்வரை போய், புதுத் தகட்டைத் தொடர்ச்சியாக வெல்டிங் செய்வதுதான் முறை. துருவின் மேலேயே ஒரு தகட்டை மூடி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பக்கவாட்டுக்கு 'சைடு ஸ்கர்ட்' என்கிற, கதவுக்கு அடியில் வைக்கும் அலங்காரப் பட்டையை வாங்கி ஒட்ட நினைக்கிறவர்கள் தயவுசெய்து அதற்கு முன் சில்லைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். அந்த ஸ்கர்ட் மறைக்கப்போவது அந்த இடத்தைத்தான். ஸ்கர்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே சேறு தங்கினால் தகடு அரிக்கும் வேகம் இன்னும் கூடும்.

தண்ணீர் வழியைச் சுத்தம் செய்யச் செலவே இல்லை. வளைகிற மெல்லிய கம்பி ஒன்றை, முனையை மழுக்கி, துளைக்குள் மெதுவாக விட்டு எடுங்கள். முரட்டுத்தனமாகக் குத்தினால் குழாய் கழன்று உள்ளே விழுந்துவிடும், அது இன்னும் பெரிய தலைவலி. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே அதே வேகத்தில் வருகிறதா என்று பாருங்கள். சில்லின் அடியில் இருக்கும் வடிதுளைகளையும் திறந்துவிட்டு, உள்ளே துருவைத் தடுக்கும் மெழுகு ஸ்பிரே அடியுங்கள். ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்கிற முதல் வெளிப்புற வேலை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. யாரும் லைக் போட மாட்டார்கள். பரவாயில்லை.

அடுத்தது காற்று. ஸ்பாய்லர் என்பது அலங்காரம் என்று நினைப்பவர்கள் இரண்டு கார்களின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1972-ல் வெளிவந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7-ன் பின்புறம் வாத்து வால் போல நிமிர்ந்திருக்கும். வேகத்தில் பின்புறம் மேலே தூக்குவதைக் குறைக்கவே எஞ்சினியர்கள் அதை வைத்தார்கள். ஆடி டிடி 1998-ல் வந்தபோது பின்புறம் வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில் அதிவேகத்தில் அடுத்தடுத்து விபத்துகள் நடந்து உயிர்கள் போயின. பிறகு ஏற்கெனவே விற்ற கார்களையும் திரும்ப அழைத்து ஒரு சின்ன ஸ்பாய்லரைப் பொருத்தினார்கள், சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள், கார் வழுக்கும்போது தானாகவே பிரேக் போட்டு நிலைப்படுத்தும் ஈஎஸ்பி கட்டுப்பாட்டையும் சேர்த்தார்கள். டிக்கி மேல் ஒரு சிறிய விளிம்பு இருக்கிறதா இல்லையா என்பது அந்த வேகத்தில் அவ்வளவு முக்கியம்.

அப்படியிருக்க, பின்னால் இறக்கை போல உயர்ந்து நிற்கும் பெரிய விங்கை மட்டும் வைத்துவிட்டு முன்னால் ஒன்றும் செய்யாமல் விடுவது எனக்குப் பயமாக இருக்கிறது. பின் அச்சுக்கும் பின்னால் நிற்கிற விங் பின்புறத்தை அழுத்தும்போது முன்புறத்தின் பாரம் குறையும். நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் லேசாகும். உண்மையில் வேலை செய்கிற விங் என்றால் இப்படி. வேலையே செய்யாத விங் என்றால் டிக்கித் தகட்டில் எதற்கு நான்கு ஓட்டை?

இதைவிட அதிகமாக நான் பார்ப்பது ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றித் தூக்கிப் போடுவது. முன் பம்பரை மாற்றும்போது கிளிப் உடைந்திருக்கும், "இது எதற்கு" என்று விட்டுவிடுவார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் காற்றழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் காற்று அதன் ஊடாகப் போகும். அந்தத் தட்டு இல்லையென்றால் எதிர்க்காற்று ரேடியேட்டரைத் தவிர்த்துக் கீழே நழுவும், எஞ்சின் அறைக்குள்ளும் அடியிலிருந்து காற்று ஏறி அழுத்தத்தைக் கூட்டும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் வேகம் கூடக்கூட சூடு ஏறும். பானட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கிவிட்டால் சூடு வெளியேறும் என்று நினைப்பதும் இதே மாதிரிதான். முன் கண்ணாடியின் அடிப்பகுதி ஓடும்போது அழுத்தம் அதிகமான இடம். அங்கே திறந்தால் காற்று வெளியே வராது, உள்ளேதான் போகும். துளை வைப்பதென்றால் பானட்டில் இன்னும் முன்னால் தள்ளி, அழுத்தம் குறைவான இடத்தில் வைக்க வேண்டும்.

இனி அழகு. இங்கே நான் தாராளமானவன், திரும்பப் பெற முடிகிற எதுவும் சரி. வினைல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், ஆனால் பெயின்ட்டின் மேலேயே பிளேடால் கீறி வெட்டாதீர்கள், அந்தக் கீறலில்தான் துரு பிறக்கும். உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் பெயின்ட் அடிப்பதென்றால் தடிமனாக அடியுங்கள். கஞ்சத்தனமாக அடித்தால் பிற்பாடு முழுத் தோலாக உரியாது, துண்டு துண்டாகப் பிய்ந்து உயிரை வாங்கும். முன் பம்பரின் அடியில் உதடு போல நீட்டும் லிப்புக்கு ஃபைபரைவிட பாலியூரித்தேன் என்கிற வளையும் பிளாஸ்டிக் மேல், நடைபாதை விளிம்பில் இடித்தால் வளைந்துகொடுக்கும். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுகிறவர்கள் அந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, குளிரில்லாத நாளில் ஒட்டுங்கள். டேப் முழுப் பலம் பெற 72 மணி நேரம் ஆகும், அதுவரை காரைக் கழுவ வேண்டாம்.

வெட்டுவது மட்டும் வேறு. ஜப்பானில் பழைய போர்ஷேக்களை அகலமாக்கித் தரும் ஆர்டபிள்யூபி நிறுவனத்தின் அகிரா நகாய் போர்ஷே மட்கார்டைத் தன் கையாலேயே அறுப்பதைப் பார்த்து எல்லாருக்கும் கை பரபரக்கிறது. எனக்கும் அந்த மனிதரின் கை மேல் பெரிய மரியாதை உண்டு. அது பல வருடம் பழகிய கை. பின் மட்கார்டின் விளிம்பில் வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்திருக்கின்றன. கட்டிங் மிஷினில் அறுத்த நொடியே அந்த இணைப்பு திறந்துகொள்ளும். உள்தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி மடித்து வெளித்தகட்டோடு வெல்டிங் செய்து, ப்ரைமர், சீலர், மெழுகு எல்லாம் முடித்த பிறகுதான் அகல மட்கார்டை மேலே வைத்து மூட வேண்டும். வெல்டிங் தெரியாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். சக்கரத்துக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும் என்றால், ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கிக்கொண்டே விளிம்பை மெதுவாக உள்ளே மடிக்கலாம். குளிர்ந்த பெயின்ட் வெடிக்கும், அவசரப்படாதீர்கள்.

என்ன மாற்றினாலும் இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிடுங்கள். வினைல் உட்பட எல்லாவற்றையும். இங்கே அதை மறைத்தால் விபத்து நேரத்தில் பணம் தர மறுக்கலாம்.

கழற்றிய ஒரிஜினல் பாகங்களை விற்கவும் வேண்டாம். மாஸ்டாவே 2017-ல் அறிவித்து, ஜப்பானில் இந்த முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கத் தொடங்கியது, மடக்குக் கூரை முதலான சில பாகங்களைத் திரும்பத் தயாரிக்கவும் செய்தது. அந்த அளவுக்குப் பழைய பாகங்களுக்குத் தேவை இருக்கிறது. பம்பரைத் துணியில் சுற்றி, போல்ட்டுகளை ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.