டேப் வைத்து அளந்த தம்பியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்த வீடியோ உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். எனக்கே எத்தனையோ பேர் அனுப்பிவிட்டார்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், பைக்குகளைத் தயார்செய்யும் பேடக்கில், ஒரு தம்பி ஃபோர்க்கில் (முன் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்) ஜிப் டை என்கிற பிளாஸ்டிக் கட்டைக் கட்டிவிட்டு, ரேஸ் சூட்டோடு பைக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். ஒரு நண்பன் பைக்கை நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவன் டேப்பை வைத்து அளக்கிறான். "மோட்டோஜிபி டீம் வந்துருச்சுடா" என்று, உலக பைக் ரேஸின் உச்சப் போட்டியைச் சொல்லி ஒரு குரல், சுற்றிச் சிரிப்பு. மேலே போட்டிருந்த வரி: "ஓட்டத் தெரிஞ்சவனுக்கு செட்டப் எதுக்கு?"

அந்த வரிக்குத்தான் இந்தப் பதிவு. சிரித்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், சிலர் எனக்கு மூத்தவர்கள். மரியாதையோடுதான் சொல்கிறேன், அங்கே சரியான வேலையைச் செய்துகொண்டிருந்தது அந்தத் தம்பி.

அவன் அளந்தது ஸேக். சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது சஸ்பென்ஷன் எவ்வளவு நீளம், நாம் முழு கியரோடு ஏறி உட்கார்ந்தால் அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. 120, 125 மி.மீ. டிராவல் (சஸ்பென்ஷன் மொத்தம் அமுங்கக்கூடிய தூரம்) உள்ள பைக்கை டிராக்கில் ஓட்டுவதென்றால் முன்னால் 30 முதல் 35 மி.மீ. வரை இறங்கினால் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். பின்னாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதைவிட ரொம்ப அதிகமாக இறங்கினால் பிரேக் பிடித்ததும் ஃபோர்க் அடிவரைக்கும் போய் முட்டும். ரொம்பக் குறைவென்றால் பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடமே இருக்காது, தரையை விட்டுவிடும். டயர் தரையில் இல்லாத நேரத்தில் நீங்கள் எவ்வளவு பெரிய ரைடராக இருந்தும் பயனில்லை.

கம்பெனி ஒரு ஸ்ப்ரிங்கைப் போட்டு அனுப்பும்போது நம் ரோட்டையும், ஸ்பீடு பிரேக்கரையும், பின்னால் உட்காரும் ஆளையும் நினைத்துத்தான் அனுப்புகிறது. 55 கிலோ ஆளுக்கும் 95 கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்ப்ரிங். அளவு ஜாக்கெட் கொடுக்காமல் தைத்து வாங்கியதைப் போட்டுக்கொண்டு, கை தூக்க முடியவில்லையே என்றால், "உனக்குக் கை தூக்கத் தெரியல" என்பீர்களா?

என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். அது இன்னும் ஆறவில்லை.

நான் வாங்கியது பழைய கேடிஎம் ஆர்சி 390 பைக். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் நல்ல கனமான ஆள், பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு) நன்றாக ஏற்றி வைத்திருந்தார். என் எடை ஐம்பத்துச் சொச்சம் கிலோ. அழுத்தி பிரேக் பிடிக்கும் இடத்திலெல்லாம் பின் சக்கரம் துள்ளும், பக்கவாட்டில் நகரும். பயிற்சி கொடுத்தவரிடம் சொன்னேன். "பயத்துல ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கிறம்மா, ரிலாக்ஸ் பண்ணு" என்றார். திரும்பப் போய்ச் சொன்னேன். "பொண்ணுங்களுக்கு பிரேக்கிங் கான்ஃபிடன்ஸ் வர லேட் ஆகும்" என்றார். பக்கத்தில் நின்ற பையன்கள் தலையாட்டினார்கள். அதே குறையை ஒரு பையன் சொல்லியிருந்தால் பைக்கைக் குனிந்து பார்த்திருப்பார்களா என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

கோயம்புத்தூர் கரி டிராக்கில்தான் ஒரு வயதான மெக்கானிக் அண்ணன் முதல் தடவையாக என்னைப் பைக்கில் உட்காரவைத்து டேப் எடுத்தார். பின்னால் 12 மி.மீ.தான் இறங்கியது. "சக்கரம் தொங்க இடமே இல்லையேம்மா, துள்ளாம என்ன பண்ணும்?" என்றார். சி ஸ்பேனரால் பிரீலோடைக் குறைத்தார். அப்புறம் என் எடைக்கு ஏற்ற ஸ்ப்ரிங் மாற்றினோம். துள்ளல் போய்விட்டது. ஓட்டியது அதே நான்தான், பிரேக் பிடித்ததும் அதே இடத்தில்தான். தைரியம் என்று அவர்கள் சொன்னது எங்கிருந்து வந்தது?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அக்கா, முதல்ல ஆயிரம் லாப் ஓட்டுங்க, அப்புறம் செட்டப் பேசலாம்." ஓட்டத்தான் வேண்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் தப்பான ஸ்ப்ரிங்கில் ஆயிரம் லாப் ஓட்டினால் அந்தத் தப்புக்கு ஏற்ற மாதிரி உடம்பு பழகிவிடும். சீக்கிரம் பிரேக் பிடிக்கவும், கார்னருக்குள் பயந்து பயந்து நுழையவும் கற்றுக்கொள்வீர்கள். பிறகு அதைக் கழற்ற இன்னொரு ஆயிரம் லாப் வேண்டும்.

உலகச் சாம்பியன்களுக்கே இது நடந்திருக்கிறது. ஒன்பது உலகப் பட்டங்கள் வாங்கிய ரோஸி 2011, 2012 என்று இரண்டு சீசன் இத்தாலியின் டுகாட்டி பைக்கில் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. முன் சக்கரம் என்ன செய்கிறதென்றே தெரியவில்லை என்பதுதான் அவருடைய தீராத புகார். ஓட்ட மறந்துவிட்டாரா? மோட்டோஜிபி பட்டத்தை மூன்று முறை வென்ற லோரென்சோ 2017 முழுக்க டுகாட்டியில் வெற்றியில்லாமல் திணறினார். 2018-ல் இத்தாலியின் முகெல்லோ ரேஸில், பிரேக்கிங்கில் உடம்பைத் தாங்கும்படி டேங்க்கின் வடிவத்தை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த ரேஸிலேயே ஜெயித்தார், அடுத்து கேட்டலூன்யாவிலும் ஜெயித்தார். "ஸ்டோனர் அதே டுகாட்டியில ஜெயிச்சாரே" என்பீர்கள். ரோஸிக்கு முன்னால் டுகாட்டியில் ஓட்டிய ஸ்டோனர் ஜெயித்தார்தான். அவர் உடம்பு வேறு, ஓட்டும் விதம் வேறு. ஆளுக்கு ஆள் பைக் வேறாக அமைய வேண்டும் என்றுதானே நானும் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன்?

"ஒன் மேக் ரேஸ்ல எல்லாருக்கும் ஒரே பைக்தானே?" அங்கே எல்லோருக்கும் ஒரே கஷ்டம், அவ்வளவுதான்.

"இது பணக்காரங்க விளையாட்டு." டேப், ஜிப் டை, ஒரு ஸ்பேனர், இரண்டு நண்பர்கள். இதில் எது பணக்காரத்தனம்? பெரிய தொகை கொடுத்து வெளிநாட்டு ஷாக் வாங்கி, டப்பாவிலிருந்து எடுத்தபடியே மாட்டிக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அவர்களோடு போட்டோ எடுத்துக்கொள்கிறீர்கள். ஒன்றும் செலவழிக்காமல் அளந்தவன்தான் உங்களுக்குக் கோமாளியாகத் தெரிகிறான்.

ஒரே ஒரு வாதம் நியாயமானது. தெரியாமல் திருகினால் ஆபத்து என்பது. உண்மைதான். ஃபோர்க்கை அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் 5 மி.மீ. மேலே ஏற்றினால் முன்பக்கம் இறங்கும், ரேக் (ஃபோர்க் பக்கத்தின் சாய்வுக் கோணம்) ஏறத்தாழ 0.2 டிகிரி குறையும், டிரெய்ல் (ஸ்டீயரிங் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) ஒரு மி.மீ. போலக் குறையும். கேட்க அற்பமாக இருக்கும். கார்னருக்குள் பைக் சட்டென்று விழும், ஆனால் நேர் ரோட்டில் வேகமெடுக்கும்போது ஹேண்டில் உதற ஆரம்பிக்கலாம். ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்ப எழும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ) ரொம்ப இறுக்கினால் அடுத்தடுத்து வரும் மேடுகளில் ஷாக் மேலே எழும்ப நேரமில்லாமல் கீழேயே அமுங்கிப்போகும். ரொம்பத் தளர்த்தினால் பைக் ஊஞ்சலாடும். அதனால்தான் அந்த அண்ணன் முதல் நாளே என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று எழுது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஓட்டு, எழுது, பிடிக்கவில்லையா, பழைய இடத்துக்கே திருப்பு. டயர் பிரஷரையும் ஸேக்கையும் சரிபார்க்காமல் கிளிக்கைத் தொடவே கூடாது என்பார்.

இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய வயதில்தான் அந்தத் தம்பி இருக்கிறான். அவனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ரேஸிங் என்றாலே மெட்ராஸும் கோயம்புத்தூரும்தான் என்று மார்தட்டுகிறோம். முன்பு ரேஸ் நடந்த சோழவரம் ஏர்ஸ்ட்ரிப் காலத்துக் கதைகளை வாய் நிறையப் பேசுகிறோம். அந்தப் பரம்பரையில் வந்த பெரியவர்கள் ஒரு பையன் டேப் எடுத்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "பைக்கை ஒரு தடவ மேல தூக்கி மெதுவா விட்டு அள, ஒரு தடவ கீழ அமுக்கி மெதுவா விட்டு அள, ரெண்டுக்கும் நடுவுலதான் சரியான அளவு" என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அதை விட்டுவிட்டு மொபைலை எடுத்தீர்கள். அவன் அடுத்த தடவை வெட்கப்பட்டு அளக்காமலே டிராக்கில் இறங்கிக் கீழே விழுந்தால் அதையும் எடுத்துப் போடுவீர்களா?

கீழே வந்து "ஓட்டக் கத்துக்கோங்க முதல்ல" என்று எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் எடை, முன் ஸேக், பின் ஸேக், மூன்றையும் முதல் வரியில் எழுதிவிட்டு மீதியை எழுதுங்கள். தெரியாதென்றால் அளந்துவிட்டு வாருங்கள், கமெண்ட் பாக்ஸைத் திறந்தே வைத்திருக்கிறேன்.