பிச்சாவரத்துக்கு மணி பார்த்துப் போகாதீங்க, தண்ணி பார்த்துப் போங்க

"பிச்சாவரம் போக எந்த மாசம் நல்லா இருக்கும்?" மாதம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி யாராவது ஒருவரின் இணையப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கீழே வரிசையாகப் பதில்கள். தை நல்லது, மாசி நல்லது, காலை முதல் படகைப் பிடிச்சிடுங்க, வெயிலுக்கு முன்னாடி வந்துடுங்க. யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நூறு பதிலில் ஒருவர்கூட "அன்னைக்கு என்ன திதி, அந்த நேரத்துல தண்ணி ஏறுதா வத்துதா" என்று கேட்பதில்லை. பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காட்டுக்குள், அதாவது உப்புத் தண்ணீரில் வளர்கிற அலையாத்திக் காட்டுக்குள், நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள், எதைப் பார்க்காமல் திரும்பப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்வது அதுதான். மாதம் இரண்டாம் பட்சம்.

வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவில் கிடக்கிற உப்பங்கழி இது. சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர். உள்ளே பெரும்பாலான வாய்க்கால் ஆள் உயரம்கூட ஆழமில்லை. கடல் ஏறினால் இங்கே ஏறும், கடல் இறங்கினால் இங்கே இறங்கும். ஏற்ற வற்றத்துக்கு நடுவே உள்ள உயர வித்தியாசம் சில நாள் ஒரு சாண்கூட இருக்காது, சில நாள் மூன்று அடி இருக்கும். கேட்க மூன்று அடி சின்னதாகத் தெரியலாம். ஆள் ஏறிய துடுப்புப் படகுக்கு ஒரு அடித் தண்ணீராவது வேண்டும். தலைக்கு மேல் கிளை தாழ்ந்து குகை மாதிரி மூடிய வாய்க்காலில் மூன்று அடி என்பது, ஒன்று படகு சேற்றில் உட்காருவது, இல்லை உங்கள் தலை கிளையில் இடிப்பது.

தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது திதியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியும் அவற்றுக்கு அடுத்த ஓரிரு நாளும் தண்ணீர் நிறைய ஏறும், நிறைய வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டுமே கம்மி. குழந்தை குட்டியோடு, பஸ் நேரத்துக்குக் கட்டுப்பட்டுப் போகிறவர்கள் அஷ்டமி பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம். எந்த நேரத்தில் இறங்கினாலும் தண்ணீர் நடுவாந்தரமாக இருக்கும், குகை வாய்க்காலுக்குள் நுழையலாம். நல்ல காரியத்துக்கு அஷ்டமி ஆகாது என்பார்கள். படகுக்கு ஆகும்.

நேரத்துக்கு வருவோம். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு நிறை ஏற்றம் என்றால் நாளை 8-ஐ நெருங்கும், ஒரு வாரத்தில் அதே காலை 7 மணிக்கு வற்றமாக இருக்கும். "போன தடவை காலையில போனோம், அருமையா இருந்துச்சு, இந்தத் தடவை அதே நேரம் போனோம், ஒண்ணுமே இல்ல" என்று எழுதுகிறவர்களுக்கு நடந்தது இதுதான். நாகப்பட்டினம், கடலூர் பக்கத்துக் கடல் ஓத நேரம், அதாவது ஏற்ற வற்ற நேரம், கைபேசியிலேயே கிடைக்கிறது. ஆனால் அது கரையோர நேரம். முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் நுழைந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து உள்ளே வர நேரம் பிடிக்கும். முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து குறுகியிருந்தால் இன்னும் தாமதம், ஏற்றமும் குறையும். அதனால் கைபேசி சொல்வதை அப்படியே நம்பாமல், படகுத்துறையில் இறங்கியதும் நீங்களே பாருங்கள்.

பார்ப்பது சுலபம். துறையின் கட்டைக்காலையோ எதிர்க்கரை வேரையோ கவனியுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஈரப் பட்டை ஒன்று பளபளவென்று தெரிந்தால் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. மட்டத்துக்கு மேலே காய்ந்து கிடந்தால் ஏறிக்கொண்டிருக்கிறது. மிதக்கிற இலையும் நுரையும் காட்டுப் பக்கம் போகிறதா, கடல் பக்கம் போகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தால் அதுவே சொல்லும். சந்தேகம் இருந்தால் "அண்ணே, தண்ணி ஏறுதா வத்துதா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே படகோட்டி உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

இன்னொரு கணக்கும் கையில் இருக்கட்டும். அன்றைய ஏற்றம் 60 செ.மீ. என்று வையுங்கள். ஆறு மணி நேரத்தில் அது சமமாக ஏறாது. முதல் மணியில் 5, அடுத்ததில் 10, மூன்றாவதிலும் நான்காவதிலும் 15, 15, பிறகு 10, கடைசி மணியில் 5. கடலோடிகள் பல நாட்டிலும் வைத்திருக்கிற மனக்கணக்கு இது. வாய்க்கால் வளைவு நெளிவில் கொஞ்சம் பிசகும், ஆனால் சங்கதி மாறாது. நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் வந்துவிடுகிறது, அப்போது இழுப்பும் அதிகம். அந்த இழுப்பை எதிர்த்து ஒரு மனிதர் ஆறு பேரை வைத்துத் தண்டு வலிக்க வேண்டியிருந்தால், உங்களுடைய ஒரு மணி நேர டிக்கெட்டில் பாதி அந்தப் போராட்டத்திலேயே போய்விடும். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் உள்ளே போய், வற்றம் தொடங்கியதும் அதன் கூடவே வெளியே வருவதுதான் சரியான போக்கு.

படகுத்துறையில் விலைப்பட்டியல் எழுதிப் போடுகிற பலகையில் கீழே ஒரு வரி சேர்த்து, அன்றைய ஏற்ற நேரம், வற்ற நேரம் எழுதினால் போதும். சாக்கட்டிச் செலவுதான். எந்தப் படகுத்துறைக்கும் இதைச் சொல்லலாம்.

இப்போது படகு. மோட்டார் படகா, துடுப்புப் படகா? என்னைக் கேட்டால் பிச்சாவரத்தில் மோட்டார் படகு பணத்துக்குக் கேடு. அகன்ற கால்வாயில் ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். காட்டை ரோட்டிலிருந்து பார்க்கிற கதை. அதன் விசிறி தண்ணீருக்குக் கீழே ஒன்றரை அடி இறங்கிச் சுழல்கிறது. வற்ற நேரத்தில் அடிச்சேற்றைக் கலக்கும், அலை கிளப்பிக் கரை மண்ணை அரிக்கும். சத்தத்தில் பறவை எழுந்துவிடும். துடுப்புப் படகுதான் குறுகிய வாய்க்காலுக்குள் போகும். ஓரிடத்தில் தண்டு போட இடமே இருக்காது. படகோட்டி தண்டை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, கோலால் ஊன்றியும் மேலே தொங்குகிற கிளையைப் பிடித்து இழுத்தும் படகை நகர்த்துவார். அவர் பிடிக்கிறாரே என்று நீங்களும் வேரைப் பிடிக்காதீர்கள். வேரெல்லாம் ஆளிச் சிப்பி ஒட்டியிருக்கும், பிளேடு மாதிரி கிழிக்கும். எதைப் பிடிக்கலாம் என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

உடம்பு கனத்தவர்கள் நடுவில் உட்காருங்கள், எதிரெதிர் ஓரத்தில் எடை சமமாக இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட் மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதைத் தொட்டால் அது உங்கள் அளவு இல்லை, வேறு கேளுங்கள். குழந்தைகளுக்குப் பெரியவர்கள் சைஸை மாட்டி வாரை இறுக்கிக் கட்டுவது ஏமாற்று வேலை.

படகு தரை தட்டினால்? எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பதுதான் முதல் தப்பு. படகின் மூக்கு தட்டியிருந்தால் முன்னால் இருப்பவர்கள் குனிந்தபடியே பின்பக்கம் நகர்ந்தால் பாதி வேலை முடிந்தது. வந்த வழியிலேயே பின்னால் தள்ள வேண்டும், முன்னால் முண்டக் கூடாது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம், கொஞ்ச நேரத்தில் தானே மிதக்கும். வற்றிக்கொண்டிருந்தால் அப்படியல்ல, ஒவ்வொரு நிமிடமும் படகு இன்னும் அழுத்தமாக உட்காரும், உடனே கிளப்ப வேண்டும். "நான் இறங்கித் தள்றேன்" என்று வீரம் காட்டி இறங்குகிறவர் முழங்கால்வரை, சில இடத்தில் தொடைவரை புதைவார். அந்தச் சேற்றுக்குள் சிப்பி ஓடுகளும் வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்களும் குத்துகிறபடி நிற்கின்றன.

அந்த மூச்சு வேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேற்றுக்குள் காற்று கிடையாது. அழுகிய முட்டை வாடை வருகிறதே, அதைச் சாக்கடை என்று நினைத்து மூக்கைப் பொத்துகிறார்கள். காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிரிகள் கிளப்புகிற வாயு அது. அதனால்தான் வெண்கண்டல் பென்சில் பென்சிலாக வேரை மேலே நீட்டி மூச்சு விடுகிறது. சுரபுன்னை வேறு வழி பிடித்திருக்கிறது, தண்டிலிருந்தே வில் மாதிரி வளைந்து இறங்குகிற முட்டு வேர். உப்பையும் இரண்டும் வேறு வேறு மாதிரி சமாளிக்கின்றன. சுரபுன்னை வேரிலேயே பெரும்பங்கு உப்பை வடிகட்டிவிடும். வெண்கண்டல் உள்ளே விட்டுக்கொண்டு இலை வழியாகக் கக்கும். மழை இல்லாத நாளில் அதன் இலையைப் பறிக்காமல் விரலால் தடவிப் பாருங்கள், பொடி உப்பு ஒட்டும். நாக்கில் வைத்தால் தெரியும்.

ஆனால் எல்லா இலையையும் தொட்டுவிடாதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரம் இந்தக் காட்டில்தான் இருக்கிறது. கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் கொப்பளிக்கும். உதிரும் முன் இலை சிவப்பதால் போட்டோவுக்கு ஒடிக்கக் கை நீளும். ஒடிக்காதீர்கள்.

சுரபுன்னைக் கிளையில் முருங்கைக்காய் மாதிரி பச்சையாகத் தொங்குவது காய் இல்லை, நாற்று. விதை மரத்திலேயே முளைத்து நீண்டு, பிறகு விழும். வற்ற நேரத்தில் விழுந்தால் சேற்றில் அங்கேயே குத்தி நிற்க வாய்ப்பு உண்டு. ஏற்றத்தில் விழுந்தால் படுத்தபடி மிதந்து, தண்ணீர் ஊற ஊற நிமிர்ந்து, வேறெங்கோ போய்த் தட்டும்.

வற்ற நேரத்தில் அகன்ற கால்வாயோரம் இன்னொரு உலகம். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள குட்டி நண்டுகள், சேற்றில் தத்தித் தத்திப் போகிற மீன், அவற்றைப் பார்த்து நிற்கிற கொக்கும் உள்ளானும். கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற இருளர் மக்களையும் அப்போதுதான் பார்ப்பீர்கள், பிடித்ததைப் போடுகிற பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி. அவர்கள் பக்கத்தில் படகை மெதுவாக விடச் சொல்லுங்கள், தண்ணீர் கலங்கினால் அவர்களுடைய பிழைப்பு போச்சு. அவர்களை போட்டோ எடுக்கக் கேட்காமல் கைபேசியை நீட்டாதீர்கள்.

போகிற போக்கில் ஒன்று. "உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு" என்று பிச்சாவரத்தைப் பற்றிப் பகிர்வதை நிறுத்துங்கள். இது சுமார் 1,100 ஹெக்டேர், அதாவது 11 சதுர கிலோமீட்டர். சுந்தரவனம் இந்தியா, வங்கதேசம் இரண்டையும் சேர்த்துச் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஏன், நம் டெல்டாவிலேயே முத்துப்பேட்டை இதைப்போல் பத்து மடங்கு. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது பிச்சாவரம். அதற்குப் பொய்ப் பெருமை தேவையில்லை.

உள்ளே போகும்போது வாய்க்காலின் வடிவத்தைக் கவனியுங்கள். வளைந்து நெளிந்து போனால் ஓதம் வெட்டியது. அளவெடுத்த மாதிரி நேராகப் போய், இரு பக்கமும் மீன் முள் மாதிரி கிளை பிரிந்தால் மனிதர் வெட்டியது. வெள்ளைக்காரன் காலத்தில் பகுதி பகுதியாக மரத்தை மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து தாழ்ந்து தொட்டி மாதிரி ஆனது. ஏற்றத்தில் வந்த தண்ணீர் வெளியே போக வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து இந்த மீன் முள் வாய்க்கால்களை வெட்டி, தண்ணீர் ஏறி இறங்க வழி செய்த பிறகுதான் கன்று நிலைத்தது. வாய் அகலமாக, அடி குறுகலாக வெட்டுவார்கள், இல்லாவிட்டால் கரை சரியும். சில வருஷத்துக்கு ஒருமுறை தூர் வாராவிட்டால் பழைய தொட்டிதான். கன்று நடுகிற போட்டோவுக்கு நிற்கிறவர்கள் தூர் வாரவும் வந்தால் தேவலை.

மாதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளமும் வரும், கடல் மட்டமே பங்குனியைவிடச் சற்று உயர்ந்தும் இருக்கும். தரை தட்டாது, ஆனால் மழையில் படகே விடாத நாளும் உண்டு. தை, மாசி பறவைக்கு நல்லது. சித்திரைக்கு மேல் உச்சி வெயிலில் போகாதீர்கள்.

முத்துப்பேட்டை வேறு ரகம். திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதையில் ஊர், ஜாம்புவானோடையிலிருந்து படகு. வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். கோரையாற்றில் வெகுதூரம் போய்த்தான் சுமார் 1,700 ஹெக்டேர் விரிந்த காயலைத் தொடுவீர்கள், ஆகவே இங்கே மோட்டார்தான் சரி. ஏறக்குறைய முழுக்க வெண்கண்டல், சுரபுன்னை அபூர்வம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் புரட்டிப்போட்ட காடு இது. காயல் சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான். வற்றத்தில் படகோட்டி நேராகப் போகாமல் சுற்றிப் போனால் உங்களை ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள், ஆழமான தடத்தைப் பிடித்துப் போகிறார். உள்ளே கடை கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், குப்பையைத் திருப்பி எடுத்து வர ஒரு சாக்குப் பை. மதியத்துக்கு மேல் சோழகம் என்கிற தென்காற்று கிளம்பினால் அவ்வளவு ஆழமில்லாத தண்ணீரில் அலை குட்டை குட்டையாக, அடுத்தடுத்து அடிக்கும். பதினோரு மணிக்குள் காயலை விட்டுக் கிளம்புவதாகப் படகோட்டியிடம் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். காற்று முந்திக்கொண்டால் முன்பக்கம் உட்காராதீர்கள், கேமராவும் நனையும், இடுப்பும் போகும்.