கிராபிக்ஸ் கார்டுல இருந்து ஆரம்பிக்காதீங்க

மாசத்துக்கு ஒருத்தராவது இன்பாக்ஸ்ல புது கம்ப்யூட்டர் கட்ட ஒரு பார்ட்ஸ் லிஸ்ட் அனுப்பி "அண்ணா இது ஓகேவா பாருங்க"ன்னு கேட்டுடறாங்க. போன வாரம் ஒரு தம்பி அனுப்பியிருந்தான். போட்டோஷாப், வீடியோ எடிட் பண்ண பிரீமியர், அப்பப்போ 3டி வேலைக்கு பிளெண்டர், பின்னாடி குரோம்ல முப்பது நாப்பது டேப், வாட்ஸப் வெப், பாட்டு, இதெல்லாம் ஒரே நேரத்துல ஓடணும், பட்ஜெட் கம்மி. லிஸ்ட்ட திறந்தா முதல் வரியே கிராபிக்ஸ் கார்டு, பாதி காசு அதுக்கே போயிருச்சு, மிச்சத்துல ராம் 8 ஜிபி ஒத்த ஸ்டிக், மெஷினுக்கு கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் இடத்துல "ஏதாச்சும் 500 வாட்ஸ்"னு இருக்கு. எனக்கு சிரிப்பு தான் வந்துச்சு, ஏன்னா சில வருஷத்துக்கு முன்னாடி நான் வாங்கினதும் அச்சு அசல் இதே லிஸ்ட் தான்.

நான் பண்ண தப்பு என்னன்னா, கேம் ஆடுறவங்களுக்காக போட்ட ரிவ்யூவ பாத்து எடிட்டிங் மெஷின் வாங்கினது. அதுல எல்லாமே செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் (எஃப்பிஎஸ்) வருதுங்கறது தான் பேச்சு. கேம் ஆடுறவன் ஒரு நேரத்துல ஒரே ஒரு புரோகிராம திறந்து வெச்சு மெஷின் மொத்தத்தையும் அதுக்கு குடுக்குறான். நாம அப்படியா, டிசைன் ஒரு பக்கம், டைம்லைன் ஒரு பக்கம், கிளையன்ட் அனுப்புன பிடிஎஃப் ஒரு பக்கம், ரெஃபரன்ஸ் பாக்க இருபது டேப், இதுக்கு நடுவுல எக்ஸ்போர்ட் வேற ஓடிட்டிருக்கும். இந்த பொழப்புக்கு முதல்ல மூச்சு முட்டுறது ராம், அடுத்தது டிஸ்க். என் புது கார்டு பாட்டுக்கு சும்மா உக்காந்திருந்துச்சு, போட்டோஷாப்ல இருந்து பிரீமியருக்கு மாறுனா பத்து செகண்ட் ஹேங். அவ்வளவு காசு போட்டு வாங்கின மெஷின் முன்னாடி கைய கட்டிக்கிட்டு உக்காந்திருந்த கொடுமைய என்ன சொல்ல.

அதனால யார் லிஸ்ட் அனுப்பினாலும் நான் முதல்ல சொல்றது ஒண்ணு தான், இப்ப இருக்கற மெஷின்ல, அது எவ்வளவு பழசா இருந்தாலும் சரி, வழக்கமா திறக்குறத எல்லாம் திறந்து வெச்சுட்டு டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்த பாருங்க. அங்க கமிட்டட்னு ஒரு எண் இருக்கும். ராம் 8 ஜிபி தான், ஆனா கமிட்டட் 18, 20னு காட்டுதுன்னா புரோகிராமெல்லாம் சேந்து அவ்வளவு இடம் கேட்டு வெச்சிருக்குன்னு அர்த்தம், ராம்ல அடங்காதத விண்டோஸ் டிஸ்க்ல தள்ளி தள்ளி எடுத்துட்டிருக்கும். அந்த தள்ளல் தான் ஹேங். ஒரு வாரம் இத கவனிச்சாலே உங்க வேலைக்கு என்ன வேணும்னு எந்த ரிவ்யூவ விடவும் தெளிவா தெரிஞ்சுடும்.

சரி ராம். இந்த மாதிரி வேலைக்கு 16 ஜிபி தான் ஆரம்பம், 32 இருந்தா நிம்மதி. ஒரே ஸ்டிக்கா போட்டா சிங்கிள் சேனல்ல ஓடும், ரெண்டா போட்டா டூயல் சேனல், மெமரிக்கும் பிராசசருக்கும் நடுவுல ரோடு ரெண்டு மடங்கு அகலம்னு வெச்சுக்கோங்க. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம பிராசசர்ல இருக்கற கிராபிக்ஸ வெச்சு ஓட்டப்போறவங்க கண்டிப்பா ரெண்டு ஸ்டிக் போடணும், அந்த கிராபிக்ஸும் இதே ராம தான் பங்கு போட்டுக்கும். ஆனா ரெண்டே ஸ்லாட் இருக்கற விலை கம்மி மதர்போர்டுல 8, 8னு போட்டு ரெண்டையும் அடைச்சுட்டா நாளைக்கு ஏத்தணும்னா ரெண்டையும் கழட்டி தான் போடணும். கையில காசே இல்ல, தனி கார்டு இருக்குன்னா ஒரு 16 ஸ்டிக் போட்டுட்டு அப்புறமா அதே மாடல்ல இன்னொண்ணு சேருங்கன்னு தான் நான் சொல்வேன், சில பேர் இதுக்கு சண்டைக்கு வருவாங்க, வரட்டும். இன்னொண்ணு, போர்டுல போட்டதும் பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ் பக்கத்துல போயி, ராம் ஸ்பீடுக்கான எக்ஸ்எம்பி இல்லன்னா எக்ஸ்போவ ஆன் பண்ணணும், பண்ணலன்னா நீங்க காசு குடுத்த ஸ்பீடுல ராம் ஓடாது. இது தெரியாம வருஷக்கணக்கா ஓட்டுறவங்கள நானே பாத்திருக்கேன்.

இதுல கொடும என்னன்னா 2025 கடைசியில ராம் விலை தாறுமாறா ஏறிடுச்சு. ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரி சிப்ப மொத்தமா அள்ளிட்டு போறாங்க. நாமெல்லாம் கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டிருந்த க்ரூஷியல் பிராண்ட, அத நடத்துற மைக்ரான் கம்பெனியே கடை சரக்குல இருந்து எடுக்கப்போறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சிருச்சு. அதனால முன்னாடி "ராம் தானே, அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னது இப்ப செல்லாது, பட்ஜெட்ல ராம்ல இருந்து தான் கணக்க ஆரம்பிக்கணும். போன தலைமுறை ராமான டிடிஆர்4 எடுக்குற பழைய போர்டு கிடைச்சு, கையில நல்ல டிடிஆர்4 ராம் கிடக்குதுன்னா கௌரவம் பாக்காம அத வெச்சே கட்டுங்க. இன்டெலோட 12, 13, 14வது தலைமுறை பிராசசருக்கு டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்கும் தனித்தனியா போர்டு இருக்கு. ஏஎம்டி பக்கம் பிராசசர் உக்கார்ற சாக்கெட் ஏஎம்4னா டிடிஆர்4 மட்டும் தான், ஏஎம்5ல டிடிஆர்5 மட்டும் தான்.

பிராசசர்ல ஒரே ஒரு எழுத்து விஷயம் இருக்கு, வீடியோ எடிட் பண்றவங்க இத கவனிங்க. இன்டெல்ல ஐ5 12400ன்னு ஒண்ணு, 12400எஃப்னு ஒண்ணு. ரெண்டுலயும் அதே 6 கோர், 12 திரெட். எஃப் போட்டதுல உள்ள கிராபிக்ஸ் இல்ல, அதனால கொஞ்சம் விலை கம்மி. கேம் ஆடுறவங்க கண்ண மூடிட்டு எஃப் வாங்கலாம், ஆனா நமக்கு அந்த குட்டி கிராபிக்ஸ்ல குவிக் சிங்க்னு ஒரு பகுதி இருக்கு, எச்.264, எச்.265னு சுருக்கி வெச்ச வீடியோவ பிரிச்சு ஓட்டுறதுக்குன்னே செஞ்சது. இப்ப வர்ற மிரர்லெஸ் கேமரால நிறைய, கலர் விவரம் அதிகமா இருக்கற 10 பிட் 4:2:2ல ரெக்கார்ட் பண்ணுது, அந்த எச்.265 ஃபுட்டேஜ டைம்லைன்ல போட்டா நல்ல நல்ல மெஷினே திக்கும். என்விடியா கார்டுகள்ல இத ஹார்ட்வேர்ல பிரிக்கற வசதி 2025ல வந்த 50 சீரிஸ்ல தான் வந்துச்சு, இந்த 12400லயோ அது ஏற்கனவே இருக்கு. என் நண்பர் ஒருத்தர் எஃப் வாங்கி மிச்சம் புடிச்ச காசுக்கு, இப்ப ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ப்ராக்ஸி, அதாவது எடிட் பண்றதுக்கு மட்டும் லேசான காப்பி, போட்டுட்டு உக்காந்திருக்கார். தனி கார்டு போட்டதும் சில போர்டு உள்ள கிராபிக்ஸ தானாவே ஆஃப் பண்ணிடும், பயாஸ்ல போயி திரும்ப ஆன் பண்ணிக்கணும்.

கார்டே வேணாம்னு சொல்லல. பிளெண்டரோட சைக்கிள்ஸ் இன்ஜின்ல ரெண்டர் தினமும் போடறவங்க, டாவின்சி ரிசால்வ்ல கலர் பண்றவங்க, இவங்களுக்கு கார்டு தான் உயிர். அப்பவும் கேம் டெஸ்ட்ல எது முன்னாடி வந்துச்சுன்னு பாக்காதீங்க, விராம், அதாவது கார்டுக்குன்னே இருக்கற மெமரி, எவ்வளவுன்னு பாருங்க. 2021ல வந்த ஆர்டிஎக்ஸ் 3060ல 12 ஜிபி விராம், அதுக்கு மேல இருக்க வேண்டிய 3060 டிஐல 8 தான். கேம்ல டிஐ ஜெயிக்கும், ஆனா 8 ஜிபிக்குள்ள அடங்காத சீன்ல 3060 தான் தாக்கு புடிக்கும். இதுலயும் ஒரு பித்தலாட்டம், பின்னாடி 3060 பேர்லயே 8 ஜிபி கார்டு ஒண்ணு விட்டாங்க, பேர மட்டும் பாத்து வாங்கினா ஏமாந்துருவீங்க. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், லேசான எடிட்டிங் மட்டும்னா உள்ள இருக்கற கிராபிக்ஸே போதும், கார்ட அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

டிஸ்க் சுருக்கமா சொல்றேன். விண்டோஸும் நடக்குற ப்ராஜெக்ட்டும் என்விஎம்இ எஸ்எஸ்டில இருக்கணும். பழைய வகை சாட்டா எஸ்எஸ்டி செகண்டுக்கு சுமாரா 550 எம்பிக்கு மேல போகாது, சாதாரண ஜென்3 என்விஎம்இயே 3500 பக்கம் தொடும். அதுக்கு மேல ஜென்4, ஜென்5னு ஓடுறது நம்ம பட்ஜெட்ல தெண்டம். ஆனா ரொம்ப விலை கம்மியா 2 டிபி கிடைக்குதேன்னு கியூஎல்சின்னு வர்ற மலிவு வகை எஸ்எஸ்டி எடுத்தீங்கன்னா பெரிய ஃபைல் காப்பி பண்ணும்போது முதல்ல பறக்கும், கேஷ்ங்கற வேகமான சின்ன பகுதி நிரம்பினதும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு கீழயே இறங்கினாலும் இறங்கும். முடிஞ்சு போன வேலையெல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க்ல தூங்கட்டும். அதுக்கு இன்னொரு காப்பி வேற எங்கயாச்சும் இருக்கணும், இத நான் ஒரு கல்யாண ஆல்பம் மொத்தமா போன பிறகு தான் கத்துக்கிட்டேன், அந்த கதை இன்னொரு நாள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்துல மட்டும் தயவு செஞ்சு கஞ்சத்தனம் வேண்டாம். யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கற கதை தான் அது. பெட்டில போட்டிருக்கற வாட்ஸ மட்டும் பாத்து வாங்க முடியாது, 80 பிளஸ் ஸ்டிக்கரும் கரண்ட எவ்வளவு வீணாக்காம குடுக்குதுன்னு தான் சொல்லுது, உள்ள பாதுகாப்பு சர்க்யூட் ஒழுங்கா இருக்கான்னு சொல்லாது. கேபினெட்டோட ஓசியா வர்ற எஸ்எம்பிஎஸ்ஸ அப்படியே கழட்டி வெச்சிருங்க. நல்லதா ஒண்ணு வாங்கினா அடுத்த மெஷினுக்கும் வரும், இந்த லிஸ்ட்டுலயே அதிக வருஷம் கூட வரப்போறது அதுவும் மானிட்டரும் தான். மானிட்டர்னதும் ஞாபகம் வருது, எஸ்ஆர்ஜிபிங்கற பொதுவான கலர் அளவ முழுசா காட்டாத ஸ்கிரீன்ல உக்காந்து கலர் கரெக்ஷன் பண்ணிட்டு கிளையன்ட்கிட்ட வாங்கி கட்டிக்கிறதுக்கு பதிலா, கலர் கலரா எரியற ஃபேன் மூணையும் லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டு ஒரு சுமாரான ஐபிஎஸ் மானிட்டர் வாங்கலாம்.

தம்பி நான் சொன்னத கேட்டு டாஸ்க் மேனேஜர போட்டோ எடுத்து அனுப்பினான். பழைய லேப்டாப்ல 8 ஜிபி, கமிட்டட் 21. பிளெண்டர் எப்ப கடைசியா திறந்தன்னு கேட்டா ரெண்டு மாசம் ஆச்சாம்! இப்ப லிஸ்ட் மாறிடுச்சு, எஃப் இல்லாத 12400, ரெண்டு 16 ஸ்டிக், 1 டிபி என்விஎம்இ, உருப்படியான எஸ்எம்பிஎஸ், கார்டு ஸ்லாட் காலி. எல்லாம் ஓகே தான்ணா, ஆனா கேபினெட் கண்ணாடி வழியா பாத்தா உள்ள காலியா தெரியுமேன்னு நேத்து நைட்டு பதினோரு மணிக்கு மெசேஜ் போட்டிருக்கான்.