“கிடைச்சா பார்த்துக்கலாம்” என்று சொல்லி அனுப்பாதீர்கள்

டெக்சாஸ் பள்ளிகளில் மார்ச்சிங் பேண்ட் (நடந்தபடியே வாசிக்கும் இசைக்குழு) சீசன் நவம்பரில் முடிகிறது. முடிந்த கையோடு டிரம் கோர் ஆடிஷன்கள் ஆரம்பித்துவிடும். இந்த வருடம் டாலஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தே சில பிள்ளைகள் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. என் மகளும் போய்வந்ததால் சில பெற்றோர் போன் செய்து விசாரித்தார்கள். எல்லாரிடமும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது. “போய்ட்டு வரட்டும், கிடைச்சா அப்புறம் பார்த்துக்கலாம்.”

பிள்ளையை அப்படிச் சொல்லி மட்டும் அனுப்பாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டிரம் கோர் என்பது பள்ளி பேண்ட் இல்லை. கோடையில் ஊர் ஊராகச் சுற்றி, மைதானத்தில் அணிவகுத்தபடி வாசித்துப் போட்டி போடும் இளைஞர் குழு. முதல் உலகப் போருக்குப் பிறகு, ராணுவத்திலிருந்து திரும்பியவர்களின் சங்கங்கள் அமெரிக்க ஊர்களில் பிள்ளைகளுக்காக நடத்திய டிரம், பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு) குழுக்களில் இருந்து வளர்ந்தது. 1972ல் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பு விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் முதல் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. 2009லிருந்து இறுதிப் போட்டி இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கிறது. பித்தளைக் கருவிகள், டிரம்லைன் என்ற டிரம் வரிசை, மைதானத்தின் முன்ஓரத்தில் மரிம்பா, வைப்ரஃபோன் போன்ற தட்டி வாசிக்கும் கருவிக்காரர்கள், கொடி சுழற்றும் கலர் கார்டு, முக்கியமாக இவ்வளவுதான். கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் இடமில்லை. அந்தக் கருவி வாசிக்கும் பிள்ளைகள் பித்தளைக்கோ வேறு பிரிவுக்கோ மாறிக்கொண்டுதான் வர வேண்டும், பலர் மாறியும் வருகிறார்கள். பெரிய குழு ஒன்றில் 150 பேருக்கு மேல் இருப்பார்கள். 21 வயதோடு வாய்ப்பு முடிந்துவிடும். கலிஃபோர்னியாவின் புளூ டெவில்ஸ் 21 முறை பட்டம் வென்ற குழு. 1940ல் தொடங்கிய பாஸ்டன் க்ரூசேடர்ஸ் 2025ல்தான் முதல் பட்டத்தைத் தொட்டது. இந்தப் பெயர்களைத்தான் நம் பிள்ளைகள் தூக்கத்தில் கூடச் சொல்கிறார்கள்.

வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது. அவர்கள்தான் பணம் கட்ட வேண்டும். வேர்ல்ட் கிளாஸ் எனப்படும் பெரிய குழுக்கள் பலவற்றில் ஒரு கோடைக்கான கட்டணம் இப்போது 5,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஆடிஷன் கட்டணம் தனி. குளிர்காலம் முழுக்க நடக்கும் வார இறுதி முகாம்களுக்கு வேறு மாநிலத்துக்குப் பறந்து போய்வரும் செலவும் தனி. அப்புறம் ஷூ, ஸ்டிக், பயிற்சி பேட், தூங்க ஏர் மேட்டிரஸ் என்று சில்லறைச் செலவுகள் வந்துகொண்டே இருக்கும்.

பணத்தை விட நம் வீடுகளில் பெரிய சிக்கல் நாட்கள். மே கடைசியில் முழுநேரப் பயிற்சி தொடங்கினால் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் இறுதிப் போட்டி வரை பிள்ளை வீட்டுக்கு வராது. அந்தக் கோடையில் ஊருக்குப் போக முடியாது. கல்லூரி பார்க்கும் பயணம், கோடை வகுப்பு, இன்டர்ன்ஷிப் எதுவும் நடக்காது. இன்னொன்றைப் பலர் கடைசி நேரம் வரை யோசிப்பதே இல்லை. டெக்சாஸ் பள்ளிகளில் பேண்ட் முகாம் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே ஆரம்பம். டிரம் கோரில் இருக்கும் பிள்ளை அதற்கு வர முடியாது. பேண்ட் டைரக்டரிடம் முன்கூட்டியே பேசாவிட்டால் பள்ளி டிரம்லைனில் பிள்ளையின் இடம் என்னாகும் என்று சொல்ல முடியாது.

இவ்வளவும் ஆடிஷனுக்கு முன்பே தெரிந்த விஷயங்கள். கட்டணமும் தேதிகளும் பெரும்பாலும் குழுக்களின் இணையதளத்திலேயே இருக்கின்றன. அப்படியிருக்க, கிடைத்த பிறகு புதிதாக எதைப் பார்க்கப் போகிறோம்?

அந்த வாக்கியத்துக்குள் இன்னொரு எண்ணம் இருக்கிறது. “எப்படியும் கிடைக்காது, இப்பவே எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்?” பிள்ளைக்கு இது புரியாது என்று நாம் நினைக்கிறோம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். தன் வீடே தான் தேறுவதை எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டுதான் அது ஆடிஷன் நடக்கும் ஜிம்முக்குள் நுழைகிறது.

ஒருவேளை கிடைத்துவிட்டால்? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. பையனுக்கு மெல்லோஃபோன் என்ற பித்தளைக் கருவியில் இடம் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டு முன்பணம் கட்டச் சில நாள்தான் கெடு. அன்று இரவுதான் அப்பா தொகையைப் பார்த்தார், அம்மா தேதிகளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் நல்ல பெற்றோர், காரணங்களும் நியாயமானவை. ஆனால் அதே காரணங்களைச் செப்டம்பரில் சொல்லியிருந்தால் அந்தப் பையன் ஒரு நாள் வருத்தப்பட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பான். மாதக்கணக்கில் உழைத்து, அத்தனை பேர் நடுவில் தேறி வந்தபின், கதவு வீட்டில் மூடியது. ஆடிஷனில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இருக்கிறது. இந்தப் பையன் அடுத்த வருடம் போகவே இல்லை.

முடியாது என்றால் முடியாது என்று முன்பே சொல்வதில் எந்தக் கேவலமும் இல்லை. பணம் இல்லை என்று பிள்ளையிடம் சொல்வதும் தப்பில்லை. எங்கள் வீட்டில் பள்ளி திறந்த கொஞ்ச நாளில் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். எங்களால் எவ்வளவு போட முடியும், அவள் டியூஷன் சொல்லிக்கொடுத்து எவ்வளவு சேர்க்க முடியும், மிச்சத்துக்கு யாரிடம் ஸ்பான்சர் கேட்பது, தவணை வசதி உள்ள குழு எது. பிள்ளைகள் உறவினருக்கும் அக்கம்பக்கத்துக்கும் கடிதம் எழுதி நிதி திரட்டுவது இங்கே சாதாரணம், குழுக்களே அதற்கு வழி சொல்லித் தருகின்றன. எழுதி முடித்தபோது அவள் ஆசைப்பட்ட ஒரு குழு எங்கள் கணக்குக்கு எட்டவில்லை. அவளே அதை அடித்துவிட்டாள். முகம் வாடத்தான் செய்தது. ஆனால் மிச்சமிருந்த இரண்டு பெயர்களுக்கும் நாங்கள் சரி என்று சொல்லியாகிவிட்டது, அது அவளுக்குத் தெரியும். அதன்பிறகு அவள் பயிற்சி செய்த விதமே வேறு.

பயிற்சி என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் தலையிட ஆசைப்படும் இடம் இது. ஆடிஷனுக்கு முன்பே ஒரு பேக்கெட் வரும், குழுவின் அடிப்படைப் பயிற்சிகள் எல்லாம் அதில் இருக்கும். முதல் பயிற்சி பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். வலது கையில் எட்டு அடி, இடது கையில் எட்டு அடி. அந்த எட்டும் ஒரே உயரத்திலிருந்து விழ வேண்டும், ஒரே சத்தம் வர வேண்டும், கால்கள் நின்ற இடத்திலேயே தாளத்துக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். கை சரியாக இருந்து கால் பிசகினால் ஆசிரியர் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார். மகள் சின்ன வயதில் கொஞ்ச காலம் மிருதங்கம் கற்றவள். ஐந்தும் ஏழும் வரும் இடங்களை ‘ததிகிணதொம்’, ‘தகிட தகதிமி’ என்று வாயால் சொல்லித்தான் பிடித்தாள். அந்தச் சொற்கட்டைச் சொல்லிக்கொடுத்த மிருதங்க ஆசிரியருக்கு அவள் கராஜில் வாசித்த வீடியோவை அனுப்பினோம். அவருக்கு அவ்வளவு பெருமை.

நாம் செய்ய வேண்டியது அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வதும், காதுக்கு நல்ல இயர்பிளக் வாங்கித்தருவதும்தான். டிரம்லைன் பிள்ளைகளின் காதுகளைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. தயவுசெய்து பேசுங்கள், இழந்த கேட்புத்திறன் திரும்பி வராது. வாசிப்பைத் திருத்துவது நம் வேலை இல்லை. யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு “மணிக்கட்டை இப்படி வை” என்று சொல்ல ஆரம்பித்தால் பிள்ளை நமக்குப் பயந்து வாசிக்கும்.

ஆடிஷன் முகாம் ஒரு வார இறுதி. வெள்ளி மாலை போனால் ஞாயிறு மதியம் வரை. பள்ளி ஜிம் தரையில்தான் படுக்கை. சைவப் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவுப் படிவத்திலேயே உணவு விவரம் கேட்பார்கள். கோடையில் குழுவின் சமையல் வண்டியில் ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு. வெயிலில் காலையிலிருந்து இரவு வரை உழைக்கும் உடம்புக்கு அது வேண்டும். சின்ன அளவில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை இப்போதிருந்தே கொஞ்சம் கூட்டிச் சாப்பிடப் பழகட்டும்.

மகள் போனது ஸ்னேர் என்ற சின்ன டிரம் வாசிக்க. ஒரு டிரம்லைனில் ஸ்னேர் எட்டு ஒன்பது பேர், பல டிரம்களைச் சேர்த்துச் சுமக்கும் டெனர் நாலைந்து பேர், பேஸ் டிரம் ஐந்து பேர்தான். அந்த ஸ்னேர் இடங்களிலும் போன வருடப் பிள்ளைகள் பலர் திரும்பி வருவார்கள். மிச்சமிருப்பது சில சமயம் ஒன்றோ இரண்டோ. அதற்கு அறை நிறையப் பிள்ளைகள். பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் அது மோசமாக வாசித்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நுழைவுத் தேர்வு மார்க் பார்த்தே வளர்ந்த நமக்கு இது லேசில் மனதில் ஏறாது.

சனிக்கிழமை சாயங்காலம் அவளை பேஸ் டிரம் வரிசைக்குப் போய் வாசித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பேஸ் டிரம் என்றால் பெரிய டிரம்மை அடித்துக்கொண்டு போவதுதானே என்று நானும் என் கணவரும் பேசிக்கொண்டோம். பெற்றோரை உள்ளே விட்ட நேரத்தில்தான் பார்த்தேன். ஐந்து பேர், ஐந்து அளவு டிரம். ஒரே ஓட்டமாகக் காதில் விழும் ஒரு வரியை ஐந்து பேரும் பங்கு போட்டு வாசிக்கிறார்கள். இவளுக்கு இரண்டாவது டிரம். முதல் டிரம்முக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இவளுடைய ஒரே ஒரு அடி விழ வேண்டும். நூலிழை தாமதித்தாலும் அந்த இடத்தில் ஒரு பள்ளம் கேட்கிறது. முதல் தடவை கேட்டது. ஆசிரியர் திட்டவில்லை, “பக்கத்து ஆளின் கையைப் பார்க்காதே, காலடிச் சத்தத்தைக் கேள்” என்றார். நாலாவது தடவை பள்ளம் இல்லை. மற்ற நான்கு பேரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவள் பெயர் கூடத் தெரிந்திருக்காது. இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டிய பணத்துக்கு மேல் அந்த ஒரு மணி நேரத்திலேயே கிடைத்துவிட்டது என்று நான் மனதார நம்புகிறேன்.

திரும்பி வரும் காரில் எதையும் கேட்காதீர்கள். “எப்படிப் பண்ணே? என்ன சொன்னாங்க? அந்தப் பையனுக்குக் கிடைச்சுதா?” எதுவும் வேண்டாம். சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், தூங்க விடுங்கள். பேச வேண்டியதைப் பிள்ளையே பேசும்.

“இது காலேஜ் அட்மிஷனுக்கு உதவுமா?” என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உதவலாம், உதவாமலும் போகலாம். அதற்காக அனுப்புவதாக இருந்தால் அனுப்பாதீர்கள். ஜூலை வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் டிரம்மைச் சுமந்து நிற்கும் பிள்ளைக்கு ஒரு விண்ணப்பப் படிவம் தெம்பு தராது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. கேடட்ஸ் என்று ஒரு குழு இருந்தது, 1934ல் நியூ ஜெர்சியில் தொடங்கியது, பத்து முறை பட்டம் வென்றது. 2018ல் அதன் இயக்குநர் மீது பல பெண்கள் பாலியல் புகார் சொன்னார்கள், அவர் பதவி விலகினார். 2024ல் அந்த அமைப்பே மூடப்பட்டது. பேரும் புகழும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: ஊழியர்களின் பின்னணியைச் சரிபார்க்கிறீர்களா? இரவில் பிள்ளைகளோடு யார் இருப்பார்கள்? புகார் என்றால் குழுவுக்கு வெளியே யாரிடம் சொல்ல வேண்டும்? வெயிலில் மயங்கினால் பார்க்க ஆள் உண்டா? நம் ஆட்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். நல்ல குழு இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்லும். முகம் சுளித்தால் பிள்ளையை அங்கே விட வேண்டாம்.

மகளுக்கு பேஸ் டிரம்மில் கால்பேக், அதாவது மறுபடி வரச் சொல்லி அழைப்பு, வந்திருக்கிறது, ஜனவரி முகாமுக்குப் போகிறாள். அங்கே இல்லை என்றால், கொஞ்ச நாள் சுற்றுப்பயணமும் குறைந்த கட்டணமும் உள்ள ஓப்பன் கிளாஸ் குழுக்களில் குளிர்காலம் முடியும் வரை காலியிடங்கள் வரும். அதுவும் இல்லை என்றால் வார இறுதிகளில் மட்டும் பயிற்சி வைத்து, உள்ளரங்கில் வாசிக்கும் இன்டோர் டிரம்லைன் இருக்கிறது. ஏப்ரலில் ஒஹையோவின் டேட்டன் நகரில் அவர்களுக்கும் உலகப் போட்டி உண்டு. இந்த மூன்றின் செலவையும் தேதியையும் அவளே எழுதி வைத்திருக்கிறாள், மூன்றுக்கும் நாங்கள் சரி என்று சொல்லிவிட்டோம். டிசம்பரில் பிள்ளையை அனுப்பப் போகிறவர்கள் யாராவது எங்கள் கணக்கைப் பார்க்க விரும்பினால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். ஆடிஷனுக்கு முன்னால் கேளுங்கள்.