தேவதை தள்ளிய விமானம்

ஃபிரான்ட்ஸ் ஸ்டிக்லர் கதை மறுபடியும் சுற்றுக்கு வந்திருக்கிறது. 1943 டிசம்பர் 20. ஜெர்மனியின் பிரெமன் நகரில் குண்டு போட்டுவிட்டு, சல்லடையாகித் தள்ளாடித் திரும்புகிறது ஓர் அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானம். சுட்டு வீழ்த்த வந்த ஜெர்மன் ஃபைட்டர் பைலட் ஸ்டிக்லர், உள்ளே காயம்பட்டுக் கிடப்பவர்களைப் பார்த்துவிட்டுச் சுடாமல், கடல்வரை கூடவே பறந்து சல்யூட் அடித்துவிட்டுப் போகிறார். அந்த அமெரிக்க விமானத்தை ஓட்டிய சார்லி பிரவுனும் அவரும் 1990இல் சந்தித்து, சாகும்வரை நண்பர்களாக இருந்தார்கள். நடந்த கதைதான், எனக்கும் பிடிக்கும்.

ஆனால் இதை வைத்து, ஜெர்மன் பைலட்டுகள் எல்லாம் நாஜி அழுக்கு ஒட்டாத வானத்து வீரர்கள் என்று எழுதுகிறார்களே, அதுதான் இடிக்கிறது. இந்தப் பிம்பத்தில் பெரும்பங்கு அவர்களே எழுதிய நினைவுகளால் வந்தது. எழுதியவர்கள் பிழைத்தவர்கள். 1944இல் பெட்ரோல் தட்டுப்பாட்டால் அரைகுறைப் பயிற்சியோடு ஏற்றிவிடப்பட்டு, முதல் சில பறப்புகளிலேயே செத்த பையன்கள் எதையும் எழுதவில்லை.

அடோல்ஃப் கல்லாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் விமானப்படையின் ஃபைட்டர் பிரிவுக்கே தளபதி. விமானப்படைத் தலைவர் கோரிங்கோடு முட்டிக்கொண்டு பதவி இழந்தவர் என்பதால் அவர் மேல் தனி மரியாதை. 1943 மே மாதம் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டைத் தான் முதல்முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, தேவதை பின்னாலிருந்து தள்ளுவதுபோல இருந்தது என்றார். விமானப் பிரியர்கள் சொல்லிச் சொல்லி மாளாத வரி.

சரி, அந்த ஜெட்டை யார் செய்தார்கள்? போரின் கடைசிக் கட்டத்தில் அதன் உடற்பகுதிகளைச் செய்தவர்களில் ஆஸ்திரியாவின் குசன் வதைமுகாம் கைதிகள் உண்டு. குண்டுவீச்சுக்குத் தப்ப மலைக்குள் தொழிற்சாலை. அந்தச் சுரங்கத்தைக் குடைந்ததும் அவர்களே. பட்டினியிலும் அடியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கல்லாண்டு கடைசியில் அமைத்த அணியும் அந்த வகை ஜெட்டைத்தான் ஓட்டியது. அந்த அணியில் நம்ம ஸ்டிக்லரும் இருந்தார்!

பைலட்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பீர்கள். முன்வரிசையில் பறந்த ஸ்டிக்லருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். தளபதிக்கு அந்தச் சலுகையை என்னால் தர முடியவில்லை. போகட்டும், போர்க்காலத்தில் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். குசனுக்குத் தலைமை முகாமான மவுத்தவுசன் மீதான வழக்கு, குசனையும் சேர்த்து, 1946இலேயே நடந்து தீர்ப்பும் வந்துவிட்டது. கல்லாண்டின் நினைவுப் புத்தகம் வெளிவந்தது 1953இல்.