மேல் குரல் மட்டும்தான் பாட்டா?

நம் ஜனங்கள் காதுக்கு ஹார்மனி, அதாவது பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரம் பாடிச் சேர்வது, ஏறாது, அது வெள்ளைக்காரன் சமாசாரம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுள்ளென்று வரும். டிசம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல்ஸ் போகிறவர்கள் பாடுவதைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள், நொட்டேஷன் தாளைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள், பக்கத்தில் நிற்கிற அக்காவின் குரலைப் பிடித்தே ஆல்டோ, அதாவது மெட்டுக்குக் கீழே ஓடும் பெண் குரல், பாடுகிறார்கள்.

கேட்பவர்கள் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை, அது நிஜம். பல சுரம் சேர்ந்து ஒலித்தால் காது பெரும்பாலும் மேலே இருப்பதைத்தான் மெட்டு என்று எடுத்துக்கொள்ளும். கீழே நடப்பதெல்லாம் "என்னமோ உருக்கமா இருந்துச்சு" என்ற அளவில் போய்ச் சேரும். சேருகிறது இல்லையா, அப்புறம் என்ன ஏறாது?

சந்தேகம் இருந்தால், மேல் சட்ஜமத்தை விடாமல் பிடித்துப் பாடிக்கொண்டே யாரையாவது கீபோர்டில் முதலில் ச-க-ப, அடுத்து ம-த-ச, கடைசியில் த-ச-க என்று சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள் (எல்லாம் சங்கராபரண ராகத்தின் சுரங்கள்தான்). நீங்கள் பாடுவது அதே ச. ஆனால் முதலில் அதுவே ஆதாரம். இரண்டாவதில் மத்யமத்துக்குப் பஞ்சமமாகிவிடும். மூன்றாவதில் தைவதத்துக்குச் 'சாதாரண காந்தாரம்' (தாழ்ந்த வகைக் காந்தாரம்), உடனே பாட்டின் முகம் வாடிப்போகும். குரலை நீங்கள் அசைக்கவே இல்லை.

ஆனால் இந்த இனிமை பிறவியிலேயே வருகிறது என்றும் நான் சொல்லமாட்டேன். பொலிவியக் காட்டில் சிமானே மக்களிடம் நடத்திய ஆய்வு 2016இல் நேச்சர் இதழில் வந்தது. நமக்கு இனிக்கிற சேர்க்கையும் உறுத்துகிற சேர்க்கையும் அவர்களுக்கு ஒரே அளவு பிடித்திருந்தது, கரகரப்பான சத்தம் மட்டும் அவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஆக, கரகரப்பு காதில் இருக்கிறது, இனிமையில் பெரும்பங்கு பழக்கத்தில்.

தம்புராவில் ச-பவை 2:3 என்ற அதிர்வுக் கணக்கில் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பழக்கம் பாதி வந்தாயிற்று. கெடுப்பது கீபோர்டு. அதன் அந்தர காந்தாரம் (மேலே சொன்ன ச-க-பவில் வரும் க) சுத்தமான 4:5 அளவைவிட 14 சென்ட் கூடுதல், அதாவது அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. கருவி இல்லாமல் நல்ல கொயர் (சர்ச் பாடகர் குழு) பாடினால் காந்தாரம் தானாகவே கொஞ்சம் இறங்கிப் பொருந்தும். நம் ஊரிலோ கீபோர்டை முழு வால்யூமில் வைத்து, போதாததற்கு ஊட்டிக் குளிரில் சுருதி இறங்கிப்போன புல்லாங்குழலையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கொயர் மாஸ்டர்களே, இந்த வருஷம் ஒரு சரணத்துக்காவது பிளக்கைப் பிடுங்குங்கள். அதற்கு முன் ஆல்டோவை மட்டும் தனியாக ஒரு தரம் பாடவிடுங்கள், சபை கேட்கட்டும்.