பீட்டில் ஹீட்டரில் தண்ணீர் கிடையாதுங்க

"பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் ஹீட்டர் சூடு குறைந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றி, அது ஓடும் ஹீட்டர் கோரைக் கழுவினால் போதும்" என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். தண்ணீரில் குளிரும் இன்ஜின் உள்ள கார்களுக்கு அது சரி. இந்த வண்டியில் இன்ஜினைக் குளிர்விப்பது காற்றுதான்; ரேடியேட்டரும் இல்லை, கூலன்ட்டும் இல்லை. கழுவ எதுவுமே கிடையாதுங்க.

1963க்குப் பிறகு வந்த பீட்டில்களில் இன்ஜின் ஃபேன் தள்ளும் காற்று, இரண்டு ஹோஸ் வழியாகப் போய், புகைக்குழாயைச் சுற்றியுள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சூடாகிறது. அப்புறம் கதவுக்கு அடியில் ஓடும் பாதையில் காலடிக்கு வருகிறது. இந்த வழியில் எங்கே ஓட்டை விழுந்தாலும் சூடு போய்விடும்.

கோவைக்குள் ஓட்டும்வரை எனக்கு ஹீட்டர் நினைப்பே வந்ததில்லை. மார்கழியில் குன்னூர் தாண்டி ஊட்டி ஏறும்போதுதான் கால் விறைத்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் இடது பக்க ஹோஸ் கழன்று தொங்கியது. ஹேண்ட்பிரேக் பக்கத்து ஹீட்டர் லீவரை முழுதாக இழுத்தும், அடியில் சூடான காற்றை விடும் மூடி அரை விரல்தான் திறந்தது. லீவரையும் மூடியையும் இணைக்கும் கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஹோஸை மாட்டி, கேபிளை மாற்றியதும் சூடு வந்துவிட்டது.

கதவடிப் பாதை துருவில் அரித்திருந்தால் மட்டும் வெல்டிங் வேலை, செலவு அதிகம்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கட்டாயம் பாருங்கள். உள்ளே புகைக்குழாய் ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு நேராக கேபினுக்குள் வரும். அதற்கு வாசனையே கிடையாது. சரிசெய்யும்வரை ஹீட்டரைத் திறக்காதீர்கள்.